ஒரு புல் மிச்சமில்லாமல்

நடுவட்டம்
11.2.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி முனியசாமி எழுதுவது. நான், சுமலதா, பிள்ளை மூவரும் சுகம். உங்கள் மூட்டுவலி தேவலையா, சசிகலாவும் மாப்பிள்ளையும் சுகமா என்று எழுதுங்கள். இங்கே குளிர் கொல்கிறது. காலையில் மலை முழுக்க உறைபனி. வாளித் தண்ணீரில் கைவிட்டால் விரல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

போனில் நான் கத்த, நீங்கள் “என்னா? என்னா?” என்று திருப்பிக் கத்த, எஸ்டேட் லயத்து ஜனங்கள் ஏதோ சண்டை என்று எட்டிப் பார்க்கிறார்கள். அந்தத் தேயிலை ஃபேக்டரி ரோலர் ரூம் உங்கள் காதைத் தின்றேவிட்டது. இனிமேல் நமக்குக் கடிதம்தான் சரி.

புது வேலை என்ன வேலை என்று கேட்டிருந்தீர்கள். பைக்காராவுக்கு மேலே தோடர் மந்து ஒன்று இருக்கிறது. மந்து என்றால் அவர்கள் ஊர். நாலைந்து வீடு, எருமைத் தொழுவம், சுற்றி மேய்ச்சல் நிலம். அந்த மேய்ச்சலில் பாதிக்கு மேல் எந்தக் காலத்திலோ சர்க்கார் சீகை மரம், அதுதான் அந்த வெளிநாட்டு வாட்டில், நட்டுவிட்டது. சீகை வளர வளரத் தண்ணீர் இறங்கி, கீழே இருந்த சதுப்பு காய்ந்துபோனது. இப்போது மந்துக்காரர்களும் ஒரு அறக்கட்டளையும் சேர்ந்து சீகையை வெட்டி எடுத்துவிட்டு, அந்த மலையைப் பழையபடி புல்வெளி ஆக்குகிறார்கள். அறக்கட்டளைப் பக்கம் கெஸியா மேடம். செடிகொடியைப் பற்றிப் படித்தவர். எனக்கு வெட்டு வேலையையும் ஆட்களையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு.

மந்துப் பக்கம் நார்ஸ்குட்டன். என் வயசுதான். பிக்கப் வண்டி வைத்திருக்கிறான், எருமைப்பால் ஊற்றுகிறான், வாயைத் திறந்தால் கேலி. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டான், “ஏ எஸ்டேட்டு” என்பான். வருஷத்தில் சில நாள் எருமைகளுக்கு உப்புத் தண்ணீர் கொடுப்பது அவர்களுக்குச் சாமி காரியம். ஊற்றின் பக்கத்தில் குழி எடுத்து, உப்பைக் கரைத்துக் குடிக்க விடுவார்கள். சதுப்பு காய்ந்த பிறகு அதற்காக வேறு மந்துக்கு ஓட்டிப் போக வேண்டியதாகிவிட்டது. “இந்த மழைக்கும் தண்ணி நிக்கலைன்னா மிச்ச எருமையையும் வித்துட்டு வண்டியோட போயிடுவேன்” என்றான். அதை மட்டும் அவன் கேலியாகச் சொல்லவில்லை.

போன மழையில் அவன் வீட்டார் தூரத்து மலையிலிருந்து புல்லைத் தூரோடு பெயர்த்து, தலையில் சுமந்து வந்து சரிவில் நட்டார்களாம். நான் பனிக்காலத்தில் சேர்ந்ததால் அதைப் பார்க்கவில்லை. திருப்பூர் சாயப்பட்டறையில் இருமிக் கிடந்தவனை, என்ன வேலை என்றுகூடக் கேட்காமல், தெரிந்தவர்கள் மூலம் மேடத்திடம் சொல்லி இந்த வேலையில் சேர்த்துவிட்டது நீங்கள். இங்கே வந்ததிலிருந்து இருமல் இல்லை அக்கா.

உங்கள் கால் பிடித்துவிடப் பக்கத்தில் இல்லாத தம்பி,
முனியசாமி


மேட்டுப்பாளையம்
24.2.2024

என் தம்பி முனியசாமிக்கு,

அக்கா மருதாம்பாளின் ஆசீர்வாதம். இங்கே யாவரும் நலம். மூட்டுவலி அதன் பாட்டுக்கு இருக்கிறது, அதற்கென்ன, வாடகை கொடுக்காத குடித்தனக்காரி. சுமலதாவையும் பிள்ளையையும் கேட்டதாகச் சொல்.

இருமல் இல்லை என்று படித்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். அது போதுமடா எனக்கு.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. புல் நடுவதற்கா கூலி கொடுக்கிறார்கள்? புல்லுக்கா? இலங்கையில் நான் சிறு பிள்ளையாக இருந்தபோது அப்பா தேயிலைத் தோட்டத்தில் கங்காணி. அவர் மலையில் ஒரு புல் தலைநீட்டினால், மறுநாள் காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது, அத்தனை பேர் முன்னாலும் அந்த நிரையில் வேலை செய்தவளை நிறுத்தி வைத்துக் கேட்பார். இந்தியா வந்த பிறகும் அதே பாடுதான். கொழுந்து எடுத்த காலமெல்லாம் புல்லைச் சுரண்டிச் சுரண்டி என் விரல் நகம் தேய்ந்தது. தங்கையா கங்காணி மகன் புல் நட்டுச் சம்பளம் வாங்குகிறான் என்றால் அவர் எழுந்து வந்துவிடுவார்.

சிரிக்கத்தான் எழுதினேன். அந்தத் தோடப் பிள்ளைக்கு எருமை நிலைக்கட்டும். தண்ணீர் இல்லாத வீட்டில் எதுவும் நிலைக்காது. அவன் சொன்னதைச் செய்து, பேர் வாங்கு.

குளிருக்குக் காதை மூடிக்கொள். காது போனால் திரும்பாது, என்னைப் பார்.

அக்கா,
மருதாம்பாள்


நடுவட்டம்
21.4.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் அப்படியே இருக்க முனியப்பனை வேண்டிக்கொள்கிறேன். வெயில் காலம் என்று பெயர்தான், ராத்திரி இரண்டு கம்பளி போதவில்லை. உங்கள் ஊரில் விசிறியடித்துக்கொண்டு இருப்பீர்கள்.

ஒரு நல்ல சேதி. கோடை மழை இரண்டு தரம் பெய்தது. மண்ணுக்குள் கிடந்த சீகை விதையெல்லாம் கீரைப்பாத்தி மாதிரி முளைத்துவிட்டது. மேடம் பெங்களூருக்குக் கூட்டத்துக்குப் போகும்போது, “மேல் சரிவுல சீகைக் கன்னைப் பிடுங்கிடுங்க முனியசாமி, வளர்ந்துட்டா கஷ்டம்” என்று சொல்லிவிட்டுப் போனார். மந்தில் யாரும் இல்லை. வேறு மந்தில் ஒரு சாவு, நார்ஸ்குட்டன் உட்பட எல்லாரும் போய்விட்டார்கள். மேல் சரிவு என்பது சதுப்புக்கு நேர் மேலே இருக்கிறது. நான் அதுவரை அந்தப் பக்கம் வேலை பார்த்ததில்லை.

நம் வேலாமணி அக்கா செட்டை வரச்சொன்னேன். எல்லாரும் எஸ்டேட்டில் பழகின கை. நிரை பிடித்து நின்றார்கள் பாருங்கள், பார்க்கக் கண் கொள்ளவில்லை. சீகைக் கன்று ஒன்று விடவில்லை. இடையில் அங்கங்கே பனியில் கருகின புல் குத்தும் இருந்தது. வேலாமணி அக்கா, “இதை என்ன பண்றது தம்பி, பாதி செரைச்ச தலையாட்டம் இருக்குது” என்றார். நானும், செய்வதைத் திருந்தச் செய்வோம் என்று களைக்கொத்தைக் கொடுத்து அதையும் வேரோடு எடுக்கச் சொன்னேன். இப்போது ஒரு புல் மிச்சமில்லாமல் மலை பளிச்சென்று கிடக்கிறது. செம்மண் மின்னுகிறது. அப்பா இருந்தால் தட்டிக்கொடுத்திருப்பார்.

நாளை எல்லாரும் திரும்பி வருகிறார்கள். நார்ஸ்குட்டன் வாயடைத்துப் போவான்.

பாசமுள்ள தம்பி,
முனியசாமி


மேட்டுப்பாளையம்
1.5.2024

என் தம்பி முனியசாமிக்கு,

அக்காவின் ஆசி. இங்கே சுகக்குறைவு இல்லை. வெயில் மட்டும் மண்டையைப் பிளக்கிறது.

உன் கடிதத்தை மாப்பிள்ளையை விட்டு இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னேன். எனக்குக் கேட்காது, ஆனாலும் அவர் வாயசைவைப் பார்க்க ஆசையாக இருந்தது. அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறாய்! வேலாமணி கைக்குத் தங்கக் காப்புப் போடலாம். ஆள் இல்லாத நேரத்தில் சொன்னதற்கு மேலேயே செய்து வைத்திருக்கிறாய். அந்தப் பிள்ளை நார்ஸ்குட்டன் என்ன சொன்னான், மேடம் என்ன சொன்னார், ஒன்று விடாமல் எழுது.

சொல்லப்போனால், இத்தனை வருஷத்தில் உன்னை நினைத்து நான் கவலைப்படாமல் தூங்கினது இந்த வாரம்தான்.

அக்கா,
மருதாம்பாள்


மேட்டுப்பாளையம்
27.5.2024

முனியசாமிக்கு,

நலமா? நலமாக இருந்தால் ஏன் கடிதம் இல்லை? நலமில்லை என்றால் ஏன் சொல்லவில்லை?

தபால்காரர் இந்தத் தெருவைத் தாண்டிப் போகிற வரைக்கும் கேட்டில் நிற்கிறேன். “பாட்டி, இருந்தா நான் தராம போவேனா” என்று கைகாட்டிவிட்டுப் போகிறார். என்னைப் பாட்டி என்கிறார், அந்தக் கோபம் வேறு.

பாராட்டி எழுதினால் பதில் எழுதக் கூடாது என்று சட்டமா? மேலே மழை தொடங்கப்போகிறது என்று பேப்பரில் போட்டிருக்கிறான். சரிவு எப்படி இருக்கிறது? நார்ஸ்குட்டன் என்ன சொன்னான்? இரண்டு வரி போதும்.

அக்கா


4.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் யாவரும் சுகம். தங்கள் சுகத்துக்குப் பதில் எழுதவும்.

வேலை மிகுதியால் எழுத நேரமில்லை. இங்கே எல்லாம் நல்லபடியாகப் போகிறது. சரிவு பச்சை கட்டிவிட்டது. மேடத்துக்கும் நார்ஸ்குட்டனுக்கும் சந்தோஷம். அவன் உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னான். வேறு விசேஷமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள் தம்பி,
முனியசாமி


மேட்டுப்பாளையம்
7.6.2024

முனியசாமிக்கு,

நான் நலம். நீ நலமில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆளைப் பார்! நீ பிறந்து பேச ஆரம்பித்த நாளிலிருந்து குளிருது குளிருது என்று அழாத நாள் கிடையாது. மலையிலிருந்து நீ போட்ட கடிதம் எதிலும் அது இல்லாமல் இருந்ததில்லை. இந்தக் கடிதத்தில் மூச்சுவிடவில்லை. மழை தொடங்கின ஜூன் மாசத்தில், நடுவட்டத்தில், உனக்குக் குளிரவில்லை! போதாததற்கு, ஊட்டித் தபால் எனக்கு வந்துசேர எத்தனை நாளாகும் என்று எனக்குத் தெரியாதா? இது மறுநாளே வந்து நிற்கிறது. காதுதான் போச்சு, மூளை அங்கேயேதான் இருக்கிறது.

சசிகலாவை விட்டுச் சுமலதாவுக்குப் போன் போட்டேன். அவள் பேசினதை விட அழுததுதான் அதிகமாம். ஒருநாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு திருப்பூருக்கே போய்விட்டாயாம், பழைய பட்டறைக்கே. ஏன் என்று அவளிடமும் சொல்லவில்லையாம். விலாசம் அவள்தான் கொடுத்தாள்.

இருமலோடு ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். எதுவாக இருந்தாலும் எழுது. எவனையாவது அடித்துவிட்டாயா? எதையாவது எடுத்துவிட்டாயா? அப்படியிருந்தாலும் எழுது. ஆனால் இந்த மாதிரி ஒரு நல்ல கடிதத்தை எனக்கு இன்னொரு தரம் எழுதாதே.

மருதாம்பாள்


திருப்பூர்
10.6.2024

அக்கா,

சுகம் விசாரிக்க எனக்கு முகமில்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கருகின புல் குத்துகள்தான் அவர்கள் நட்ட புல்.

நார்ஸ்குட்டன், அவன் பெண்டாட்டி, அவன் அண்ணன் வீட்டார் எல்லாருமாகத் தூரத்து மலையிலிருந்து சுமந்து வந்து நட்டது. பனியில் மேலே கருகியிருந்ததே தவிர அடியில் உயிர் இருந்தது. இந்த மழைக்குத் தழைத்துச் சரிவை இறுக்கிப் பிடித்திருக்கும். நான் அதை வேரோடு எடுத்துக் குவித்து வெயிலில் காயப்போட்டேன். தேயிலைக்குள் நின்றால் பிடுங்குகிற சாதிப் புல்தானே என்று கையும் கண்ணும் ஒரு நொடி யோசிக்கவில்லை அக்கா. கன்றைப் பிடுங்கு என்றுதான் மேடம் சொன்னார். புல்லைப் பற்றி அவர் சொல்லவில்லை. புல்லை யாராவது பிடுங்குவார்கள் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது.

அவர்கள் திரும்பி வந்த அன்று நான் சிரித்துக்கொண்டே கூட்டிப்போய்க் காட்டினேன். நார்ஸ்குட்டன் பார்த்தான். கேலி பண்ணவில்லை, திட்டவில்லை. காய்ந்து கிடந்த தூர் ஒன்றை எடுத்து மண்ணைத் தட்டினான். “இதுக்கு மேல மழை வந்தா மண்ணு மொத்தமும் கீழ போகும். ஊத்துக்கண்ணு அடைஞ்சிடும். அப்புறம் சதுப்பு இல்ல, எருமை இல்ல” என்று தமிழில் சொன்னான், எனக்குப் புரியட்டும் என்று. அப்புறம் அவன் பெண்டாட்டியிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னான். அந்தம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மேடம் யாரையும் குற்றம் சொல்லவில்லை. தன் தப்பும்தான் என்றார். அது இன்னும் மோசமாக இருந்தது. மறுபடி புல் நட்டாலும் மழைக்கு முன்னால் வேர் பிடிக்காது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நார்ஸ்குட்டன் எருமை யாபாரியை வரச்சொல்லியிருக்கிறான் என்று கேள்விப்பட்ட அன்றைக்குத்தான் நான் பஸ் ஏறினேன். அவன் எருமையை வண்டியில் ஏற்றுவதை நின்று பார்க்க என்னால் முடியாது.

நீங்கள் பாராட்டி எழுதின கடிதம் அதற்கு முன்னால்தான் கைக்கு வந்தது. “ஒன்று விடாமல் எழுது” என்று கேட்டிருந்தீர்கள். எதை எழுதுவேன்? நீங்களும்தானே அக்கா மெச்சினீர்கள்.

முனியசாமி


மேட்டுப்பாளையம்
12.6.2024

தம்பிக்கு,

சாப்பிட்டாயா? முதலில் சாப்பிடு, பிறகு மேலே படி.

ஆமாம், நானும்தான் மெச்சினேன். வேலாமணிக்குத் தங்கக் காப்பே போட்டேன். அந்த இடத்தில் நான் நின்றிருந்தாலும் உனக்கு முன்னால் கொத்தை எடுத்திருப்பேன். அதனால் இதில் பாதி எனக்கும் உண்டு. உன்னைத் திட்டுகிற யோக்கியதை எனக்கில்லை, ஆனாலும் ஓடிப்போனதற்குத் திட்டுவேன். புல்லைப் பிடுங்கினது கைப்பழக்கம். பையைத் தூக்கினது கைப்பழக்கமா?

இப்போது நான் சொல்வதைக் கேள். தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டி முடித்த மலை எப்படி இருக்கும்? மொட்டையாகத்தானே இருக்கும்? அந்த மொட்டை மலைமேல் மழை பெய்யாதா? மண் முழுக்க ஆற்றுக்கா போனது? சரிவுக்குக் குறுக்கே குழி எடுத்து, கவாத்துக் குச்சியை வரப்பாகப் போட்டு அடித்து, மண்ணைப் பிடித்து வைக்கவில்லையா நாம்? புல் பிடுங்கத் தெரிந்த கைக்கு அதுவும் தெரியும். வெட்டின சீகை மரம் மலைமலையாகக் கிடக்குமே, அது எதற்கு இருக்கிறது? இதனால் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. எனக்கென்ன தெரியும். ஆனால் நீ அங்கே இருக்க வேண்டியவன்.

நார்ஸ்குட்டன் வீட்டு வாசலில் போய் நில். பழம், பிஸ்கட்டு என்று எதையும் தூக்கிக்கொண்டு போகாதே. சாக்கு சொல்லாதே. மண்வெட்டியோடு போ. திட்டினால் வாங்கிக்கொள், பேசாவிட்டால் அதையும் வாங்கிக்கொள். கெஸியா மேடத்திடம் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்கு.

வேலாமணிக்கும் தனியாக எழுதிவிட்டேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது, மகள் வாசித்துக் காட்டட்டும், அவளும் கொஞ்சம் துடிக்கட்டும்.

இன்றைக்கே பஸ் ஏறு.

அக்கா,
மருதாம்பாள்


நடுவட்டம்
8.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே குளிர் எலும்பில் இறங்குகிறது. அட்டைக் கடியில் கால் இரண்டும் சல்லடை. சட்டை காய்ந்து இரண்டு வாரமாகிறது.

கடிதம் கிடைத்த அன்றே கிளம்பினேன். மந்துக்கு மண்வெட்டியோடு போய் நின்றேன். நார்ஸ்குட்டன் பால் கேனை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான், வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் பெண்டாட்டிதான் வெளியே வந்து, “மழைல ஏன் நிக்கிற, வேலைக்குத்தானே வந்த, போய்ச் செய்” என்றார். போனேன். மேடம் குழி எங்கெங்கே வரலாம் என்று கூடவே நடந்து குறி வைத்துக் கொடுத்தார்.

முதல் இரண்டு நாளும் நான் ஒருத்தன்தான். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை வேலாமணி அக்கா செட்டு முழுவதும் சாக்குக் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து இறங்கியது. நீங்கள் என்ன எழுதினீர்களோ தெரியாது, வேலாமணி அக்கா என்னைப் பார்த்ததும், “உங்கக்கா வாயில விழுறதுக்குப் பதிலா மழைல நனையலாம்டா” என்றார். சீகைக் கிளையைக் கட்டுக்கட்டாக இழுத்து வந்து, குறுக்கே போட்டு, முளை அடித்தோம். குழி எடுத்தோம். சரிவு இப்போது பின்னின கூடை மாதிரி இருக்கிறது.

சரிவின் மேல் பாதியில் வேலையாக இருந்தபோது கீழே பிக்கப் சத்தம். நார்ஸ்குட்டன் வண்டி நிறையப் பழைய கூரைப் புல். அவன் அண்ணன் வீட்டுக் கூரை பிரித்தார்களாம். அதன் மேல் புதுப் புல் தூர்கள், மந்துக்குப் பக்கத்திலேயே எருமை மேய்கிற இடத்திலிருந்து தோண்டினது. மழைக்காலத்தில் இருக்கிற மேய்ச்சலிலிருந்து எடுத்துக் கொடுப்பது அவனுக்கு லேசான காரியமில்லை. கூரைப் புல்லை வெறும் மண் மேல் பரப்பினோம், குச்சி வரப்புக்கு மேல் பக்கம் தூரை நட்டோம். அவன் தன் பாட்டுக்கு நட்டுக்கொண்டே போனான். கடைசித் தூரை என் கையில் கொடுக்கும்போது மட்டும், “இது புல்லு. நல்லா பார்த்துக்கோ” என்றான்.

யாபாரியை வர வேண்டாம் என்று இன்னும் சொல்லவில்லை அவன். மழை வலுக்கிறது. இதற்கு மேல் எங்கள் கையில் ஒன்றும் இல்லை.

தம்பி,
முனியசாமி


நடுவட்டம்
2.8.2024

அக்காவுக்கு,

நலம். பாதையில் மரம் விழுந்து பஸ் இல்லை, இதை ஜீப்பில் கொடுத்தனுப்புகிறேன். இப்படி மழை நான் பார்த்ததில்லை. பக்கத்து மலையில் ஒரு இடம் சரிந்தது.

சரிவு நிற்கிறது. விவரம் பிறகு. குளிர் தாங்கவில்லை.

முனி


நடுவட்டம்
15.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லாரும் நலம், நீங்களும் நலமாக இருக்க வேண்டும், இருந்தே ஆக வேண்டும், ஏனென்று கடைசியில் சொல்கிறேன். குளிர் வழக்கம்போல. மூக்கு இருக்கிற இடம் தெரியவில்லை.

மழை ஓய்ந்து முதல் வெயில் அடித்த அன்று எல்லாரும் சேர்ந்து மேலே போனோம். குழியெல்லாம் மண் நிறைந்து கிடந்தது. இரண்டு இடத்தில் குச்சி வரப்பு பிய்த்துக்கொண்டு போயிருந்தது. ஆனால் மண் நின்றுவிட்டது அக்கா! கூரைப் புல்லுக்கு அடியிலிருந்து ஊசி ஊசியாகப் பச்சை. நட்ட தூரில் பாதிக்கு மேல் பிடித்துவிட்டது. மேடம் குனிந்து குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார், பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அழுகிறார் என்று தெரிந்து வேலாமணி அக்கா வெற்றிலையை நீட்டினார். மேடம் வாங்கிப் போட்டுக்கொண்டு இருமினார். எல்லாரும் சிரித்துவிட்டோம்.

சதுப்பில் கொஞ்சம் மண் இறங்கியிருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஊற்றுக்கண் அடையவில்லை. நார்ஸ்குட்டன் அங்கே காலால் மிதித்துப் பார்த்தான். தரை மெத்தை மாதிரி அமுங்கி எழுந்தது. “ஏ பிளேடு, வந்து மிதி” என்றான். மலையைச் சிரைத்தவன் என்று எனக்கு இப்போது அதுதான் பேர். மந்தில் சின்னப் பிள்ளை வரைக்கும் பிளேடு என்றே கூப்பிடுகிறது. என் பேர் முனியசாமி என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. அவன் வாயில் கேலி திரும்பி வந்ததே போதும் என்று விட்டுவிட்டேன்.

யாபாரிக்குப் போன் போட்டு, எருமை கொடுக்கிற மாதிரி இல்லை என்று என் எதிரிலேயே சொன்னான்.

போன வாரம் இங்கேயே உப்புத் தண்ணீர் கொடுத்தார்கள். அது அவர்கள் காரியம், எங்களைச் செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நிற்கச் சொன்னார்கள், நின்றோம். எருமைகள் ஒவ்வொன்றாக வந்து குடித்துவிட்டுத் தலையைத் தூக்கும்போது மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. அதைப் பார்க்க நான் அங்கே இருந்தேன் அக்கா. நீங்கள் திட்டாவிட்டால் திருப்பூரில் இருந்திருப்பேன்.

முடிந்த பிறகு நார்ஸ்குட்டன் வந்து, “உன்னைத் திட்டி அனுப்புன அக்கா எங்க இருக்காங்க? ஒருக்கா கூட்டிட்டு வா. வரும்போது கல் உப்பு ஒரு மூட்டை கொண்டு வரச்சொல்லு, அடுத்த தடவைக்கு ஆகும்” என்றான். அதனால்தான் சொன்னேன், நீங்கள் நலமாக இருந்தே ஆக வேண்டும். சதுப்பில் இப்போது தண்ணீர் ஓடுகிற சத்தம் அடியில் கேட்கிறது. உங்களுக்குக் கேட்காது என்று அவனிடம் சொன்னேன். “காது எதுக்கு, செருப்பைக் கழட்டிட்டு நிக்கச் சொல்லு, காலுக்குத் தெரியும்” என்றான்.

வாருங்கள் அக்கா.

உங்கள் தம்பி,
பிளேடு முனியசாமி


மேட்டுப்பாளையம்
24.9.2024

என் தம்பி பிளேடுக்கு,

அக்காவின் ஆசி. நான் நலம், சசிகலா நலம், மாப்பிள்ளை நலம். இன்றைக்கு மூட்டுவலி கூட நலம்.

உன் கடிதத்தை நானே வாசித்தேன், யாரிடமும் கொடுக்கவில்லை. யாபாரிக்கு அவன் போன் போட்ட இடம் வந்ததும் வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன் போலிருக்கிறது. சசிகலா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். காது கேட்காதவள் சிரித்தால் எவ்வளவு சத்தம் வரும் என்று அவளுக்கே தெரியாது. அப்புறம் அழுதேன். அது வேறு விஷயம்.

ஒன்று சொல்கிறேன், வேலாமணியிடம் சொல்லிச் சிரிக்காதே. நேற்று மாடியில் துணி காயப்போடப் போனேன். ரோஜாத் தொட்டியில் ஒரு புல் முளைத்திருந்தது. கை தானாகப் போய்விட்டது. வேரைப் பிடித்த பிறகுதான் கவனித்தேன். விட்டுவிட்டேன். சசிகலாவைக் கூப்பிட்டு, இது என்ன புல் என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “புல்லும்மா” என்றாள். இத்தனை வருஷத்தில் எத்தனை லட்சம் பிடுங்கியிருப்பேன், ஒன்றின் பேராவது எனக்குத் தெரியுமா? வந்ததும் அந்த நார்ஸ்குட்டன் பெண்டாட்டியிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும். அவர் சொல்வது எனக்குக் கேட்காது, அவர் பாஷையும் புரியாது. பரவாயில்லை, பெண்பிள்ளைகள் இரண்டு பேர் ஒரு புல்லை வைத்துக்கொண்டு எப்படியாவது பேசிக்கொள்வோம்.

ஆயுத பூஜை முடிந்த ஞாயிறு வருகிறேன். மாப்பிள்ளை கோத்தகிரி வழியாகக் கூட்டி வருகிறார். கல் உப்பு மூட்டை வாங்கி வாசலில் வைத்தாகிவிட்டது. ஈரம் படாமல் இருக்கப் பாலித்தீன் சுற்றியிருக்கிறேன். பஸ் கண்டக்டர் லக்கேஜ் என்று தகராறு பண்ணினால் எனக்குத்தான் காது கேட்காதே.

மந்தின் பக்கம் செருப்பைக் கழற்ற வேண்டும் என்கிறாய். கழற்றுகிறேன். சதுப்பில் வெறுங்காலோடு நிற்கிறேன். காலுக்குத் தெரிகிறதோ இல்லையோ, ஒன்று மட்டும் நிச்சயம். இத்தனை மாசம் நீ எழுதி நான் படித்தேன். இந்தத் தடவை “ஐயோ குளிருதே” என்று நான் கத்துவேன். நீ பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்.

அக்கா,
மருதாம்பாள்